என் தம்பியின் ஒன்றரை வருஷம்

என் தம்பி ஜமால் முகம்மது நாற்பத்தைந்து வருஷம் விமானம் ஓட்டினான். "ஓட்டுனேன்னு சொல்லாதக்கா, பறந்தேன்னு சொல்லு" என்று என்னைத் திருத்துவான். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவளைத் திருத்துகிற துணிச்சல் அவனுக்கு மட்டும்தான் உண்டு. போன வருஷம் மே மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு அவனை இறக்கிவிட்டுவிட்டார்கள். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

பயணிகள் விமானத்துக்கு அறுபத்தைந்துதான் எல்லையாம். அறுபது தாண்டும்போதே ஒரு கண் வைத்துவிடுகிறார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் அறுபதுக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு கிழவர்களைச் சேர்த்து அனுப்பமாட்டார்கள். நடுநடுவே மருத்துவப் பரிசோதனை வேறு. கடைசிப் பரிசோதனையில் டாக்டர் எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டு, "கேப்டன், இது ஐம்பது வயசுக்காரர் இதயம்" என்றாராம். அதை எனக்கு போனில் சொல்லிவிட்டு ஜமால் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்றால் அவனுக்கு அப்போது அறுபத்தைந்து ஆகவில்லை. அறுபத்து மூன்றரைதான். அது அப்போது அவனுக்கே தெரியாது, எனக்குத் தெரியும்.

எங்கள் அத்தாவுக்குக் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் கம்பளிக் கடை. ஸ்வெட்டர், மப்ளர், குல்லா, சால்வை. இப்போது அதே கடையில் என் மகன் அஸ்பாக் சாக்லேட்டும் தைலமும் விற்கிறான். கடைக்கு மேலே இரண்டு அறை, அதற்கு மேலே மொட்டைமாடி. மாடியில் நான் துணி காயப்போடுவேன். கொடைக்கானலில் துணி காயப்போடுவது ஒரு சூதாட்டம். பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில் அடிக்கும், பதினொரு மணிக்கு மழை கொட்டும்.

ஜமால் சென்னையிலிருந்து மதுரைக்கு விமானம் கொண்டுவரும் நாட்களில், தரையிறங்கியதும் அவன் செய்கிற முதல் காரியம் எனக்கு போன் செய்வது. "அக்கா, ஒன் வீட்டு மேல மேகம் கெடக்கு. வெரசா துணிய எடு." நான் தலைநிறைய மழையோடு மாடிப்படியில் நின்றுகொண்டிருப்பேன். "ஏலே, நீ எறங்கி, கதவத் தொறந்து, ஆள எல்லாம் அனுப்பிச்சுட்டுச் சொல்றதுக்குள்ள இங்க எல்லாம் நனைஞ்சு போச்சு" என்பேன். ஒரு தடவைகூட அவன் சொன்ன செய்தி நேரத்துக்கு வந்ததில்லை. ஆனாலும் அந்த போன் வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது. விமானத்தில் அறிவிப்பு செய்யும்போதும் சொல்வானாம்: "வலது பக்கம் தெரிவது பழனி மலை. அந்த மேகத்துக்குக் கீழே எங்கள் அக்கா இருக்கிறார்." பயணிகள் சிரிப்பார்களாம்.

அந்தப் பொய்க்கு வருகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு போக வேண்டியவள். அம்மாவுக்குக் காச நோய் முற்றிப்போய் மதுரைப் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அத்தா கடையை விட்டு நகர முடியாது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டு, "இனி நீ போக வேணாம்மா. தம்பியப் பாத்துக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடையைப் பூட்டு என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் அன்றைக்கு முழுவதும் அழுதேன். மறுநாள் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பள்ளிக்கூடமும் போக வேண்டும். அப்படியானால் தம்பியும் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும். அவனுக்கு மூன்றரை வயது. ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து முடிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் யார் கையிலும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா. அதுதான் சட்டம்.

ஜமாலின் கை உச்சந்தலையைத் தாண்டவே இல்லை. இரண்டு வாரம் எண்ணெய் போட்டுக் கையை நீவி இழுத்தேன். காதையும் மேல்பக்கமாக இழுத்துப் பார்த்தேன். பிள்ளை வீலென்று கத்தியதுதான் மிச்சம். கடைசியில் அத்தா கடையிலிருந்தே வழி கிடைத்தது. காதை மூடுகிற மடல் வைத்த கம்பளிக் குல்லா ஒன்று, பெரியவர்கள் போடுகிற அளவு. அதை அவன் தலையில் மாட்டி, இடதுபக்க மடலைக் கொஞ்சம் மேலே தூக்கி ஊசிநூலால் தைத்தேன். தலையையும் வலது பக்கமாகச் சாய்க்கப் பழக்கினேன். இப்போது விரல் நுனி மடலில் பட்டது. காது எங்கேயோ கீழே இருந்தது.

ஹெட்மாஸ்டர் ஞானவேல் சார் பழனிக்காரர். மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகியும் இந்தக் குளிர் அவருக்குப் பிடிபடவில்லை. ஜூன் மாதச் சாரலில், மப்ளரைக் கழுத்தில் நாலு சுற்று சுற்றிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். உள்ளூர் ஆளாக இருந்தால், "குல்லாவக் கழட்டு" என்று முதலில் சொல்லியிருப்பார். ஞானவேல் சாருக்கு ஒரு பிள்ளையின் குல்லாவைக் கழற்றச் சொல்ல மனம் வரவில்லை.

"எங்க, காதத் தொடு பாப்போம்" என்றார்.

ஜமால் சாய்ந்தான், வளைந்தான், மடலைத் தொட்டான்.

"ம், எட்டுது. சேர்த்துக்கலாம்" என்றார். "பொறந்த தேதி?"

"தெரியாதுங்க சார். அஞ்சு முடிஞ்சுருச்சுன்னு அத்தா சொன்னாங்க."

அத்தா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஞானவேல் சார் ஜூன் ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது என்று எழுதினார். தேதி தெரியாத எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜூன் ஒன்றுதான். நான் நாலாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அத்தாவிடம் சொன்னபோது, "சேத்துட்டியா? சரி" என்றார். அம்மா அடுத்த வருஷமே இறந்துபோனார். அவர் இருந்திருந்தால் என்றைக்காவது பேச்சுவாக்கில் உண்மை வந்திருக்கும். பிறந்த தேதியை அத்தா பீரோக் கதவின் உட்பக்கம் எழுதிவைத்திருந்தார். அரபு எழுத்தில் தமிழை எழுதுவார் அவர். ஹிஜ்ரி ஆயிரத்து முன்னூற்று எண்பத்தொன்று, ரஜப் மாதம் பிறை பதினாலு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அது அறுபத்தொன்றாம் வருஷம் டிசம்பர் இருபத்திரண்டு. ஜமாலுக்கு அந்த எழுத்து படிக்க வராது. சின்ன வயதிலேயே ஹாஸ்டலுக்குப் போனவன்.

வகுப்பில் எப்போதும் அவன்தான் பொடியன். எல்லா போட்டோவிலும் முதல் வரிசை ஓரம். ஆனால் மலை விளிம்பில் போகிற கோக்கர்ஸ் வாக் பாதையில் நின்று மதுரைப் பக்கம் போகிற விமானத்தை யார் முதலில் பார்க்கிறார்கள் என்ற போட்டியில் அவனை ஜெயிக்க ஆள் கிடையாது. சத்தம் கேட்கும் முன்பே கை நீட்டுவான். அத்தாவின் கடையில் ஸ்வெட்டர் மடிக்க உட்காரவைத்தால் கை மடிக்கும், கண் வெளியே இருக்கும். பிறகு என்சிசி விமானப் பிரிவு, உதவித்தொகை, சென்னையில் பயிற்சி, சின்ன விமானம், பெரிய விமானம். பெற்ற மகளே அவனைப் பார்த்து விமானி ஆனாள். அப்ரின் என்று பெயர்.

அப்ரின்தான் என் தூக்கத்தைக் கெடுத்தவள். அப்பன் வேலை பார்க்கிற நிறுவனத்திலேயே போன வருஷம் பயிற்சிக்குச் சேர்ந்தாள். நவம்பரில் பயிற்சி முடியும், அதன்பின் துணை விமானியாகப் பக்கத்து இருக்கையில் உட்காரலாம். பிப்ரவரி மாதம் ஜமால் போனில் சொன்னான்: "ஆறே மாசம்க்கா. ஆறு மாசத்துல தவறிப்போச்சு. ஒரே ஒரு தடவ, நான் கேப்டன், அவ பக்கத்துல, சென்னையிலருந்து மதுரைக்கு. 'நானும் என் மகளும் உங்கள வரவேற்கிறோம்'னு சொல்லணும்னு இருந்தேன்."

நான் போனை வைத்துவிட்டுப் பீரோக் கதவைத் திறந்து அத்தாவின் எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை வருஷத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதில் ஆறு மாதம் போதும் அவனுக்கு.

அஸ்பாக்கிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, திண்டுக்கல்லில் ஒரு வக்கீலைக் கேட்கச் சொன்னேன். போய்விட்டு வந்து கையை விரித்தான். "வேலைல சேந்தப்பவே மாத்திருக்கணுமாம்மா. ரிட்டயர் ஆகுற நேரத்துல பீரோக் கதவக் கழட்டிட்டுப் போயி காட்டுனா சிரிப்பாங்களாம். விடுங்க. இனிச் சொல்லி என்ன ஆகப்போகுது?" அவன் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது. மூன்று மாதம் அதையே சொல்லிக்கொண்டு நடமாடினேன்.

கடைசி விமானத்துக்கு வா என்று கூப்பிட்டான். முழங்கால் வலி என்றேன். பொய் சொல்லிப் பழகிய வாய்தானே. அப்ரின் எடுத்த வீடியோவை போனில் பார்த்தேன். மதுரையில் தரையிறங்கியதும் இரண்டு தீயணைப்பு வண்டிகள் வழியனுப்பும் மரியாதையாக விமானத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சின. ஜமால் படியில் இறங்கி வந்து, திரும்பிப் போய், விமானத்தின் மூக்குக்குக் கீழே நின்று அதைக் கையால் தட்டிக்கொடுத்தான். நான் அந்த இடத்தில் போனை அணைத்துவிட்டேன்.

ஜூன் முதல் வாரம் இங்கே வந்தான். வீட்டில் இருக்கத் தெரியாத மனுஷன். வெள்ளனே எழுந்து வானத்தைப் பார்ப்பான். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் முன் குழாய், ரெகுலேட்டர், லைட்டர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு வாய்விட்டுச் சொல்வான். ஓய்வுபெற்ற மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். ஒருவர் ஆடலூரில் தோட்டம் வாங்கி மிளகைப் பற்றி மட்டுமே பேசுகிறாராம். இன்னொருவர் பயிற்சி வகுப்பில் பாடம் நடத்துகிறாராம். ஜமாலைக் குருகிராமில் சிமுலேட்டரில் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அது என்னடா?"

"கால் வெச்ச பொட்டி. உள்ள எல்லாம் காக்பிட் மாதிரியே இருக்கும். ஆடும், குலுங்கும். கதவத் தொறந்தா அதே ரூம்ல நிப்போம்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "மேகம் எல்லாம் பொம்ம மேகம்க்கா" என்றான்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அப்ரின் எழுதிய ஏதோ தேர்வு முடிவு வந்து, அவன் போனைக் காட்டி, "நவம்பர்ல பயிற்சி முடிஞ்சு ரிலீஸ் ஆயிருவா" என்று பெருமையாகச் சொன்னான். பெருமையோடு நிறுத்தியிருக்கலாம். "ஒடம்புல ஒரு கொறையும் இல்லக்கா. ஒரு தேதிதான்" என்றான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். குல்லா, மடல், ஊசிநூல், ஞானவேல் சார், எல்லாம். எழுந்து போய்ப் பீரோக் கதவைத் திறந்து அத்தாவின் எழுத்தைப் படித்துக்காட்டினேன். முதலில் அவன் சிரித்தான். குல்லாவில் காது இல்லாத இடத்தைத் தொட்ட கதை சிரிப்பாகத்தானே இருக்கும். பிறகு அவன் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப அடுத்த வருஷம் டிசம்பர் வரைக்கும் பறந்திருக்கலாம்."

"ஆமா."

"அப்ரினோட ஒரு வருஷம்."

நான் தலையாட்டினேன்.

"எப்பவாவது சொல்லிருக்கலாம்லக்கா. நாப்பது வயசுல சொல்லிருந்தா மாத்திருக்கலாம்ல."

பயம் என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதைவிடக் கேவலமானது. அவன் பறந்துகொண்டே இருந்தான், அது ஒரு நாள் நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனான். ஏரியைச் சுற்றி நடந்தானாம், அஸ்பாக் பார்த்திருக்கிறான். மறுநாள் காலையில், "குருகிராம்ல ஒத்துக்கிட்டேன். சோலி இருக்கு, கெளம்புறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான். பெட்டியைத் தூக்கிக்கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறு மாதம் போன் வரவில்லை. குருகிராம் பெட்டியிலிருந்து பார்த்தால் என் வீட்டு மேகம் தெரியாதுதான். ஆனாலும் மழை வரும்போதெல்லாம் நான் முதலில் போனைப் பார்த்தேன், பிறகுதான் மாடிக்கு ஓடினேன். அந்த மழைக்காலத்தில் என் துணி நனைந்த மாதிரி என்றைக்கும் நனைந்ததில்லை. அஸ்பாக் ஒரு வாஷிங் மெஷினை வாங்கி வந்து, உலர்த்தியும் தரும் என்று இறக்கினான். நான் அதை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

டிசம்பர் நடுவில் அப்ரின் கூப்பிட்டாள். தோளில் கோடு ஏறிவிட்டது, பதினைந்து நாளாகத் துணை விமானியாகப் பறக்கிறாள். "மாமி, இருவத்திரெண்டாம் தேதி நீங்க வரணும். முழங்கால் வலின்னு சொன்னா நான் வந்து தூக்கிட்டுப் போவேன்" என்றாள். எங்கே என்று கேட்டேன். சமவெளியில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி, வத்தலக்குண்டு இறங்கி இன்னும் மூன்று மணி நேரம் என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. ஜமால் உண்மையில் பிறந்த அந்தத் தேதியை நான் அவளுக்குச் சொன்னதில்லை. வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

நான் போனபோது ஜமால் ஒரு குட்டி விமானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். நாலு பேர்தான் உட்காரலாம், இறக்கையை மனுஷன் கையால் தொடலாம். கேஸ் அடுப்பைத் தொட்டுச் சொல்வானே, அதே மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான்.

"சொந்தமாப் பறக்கறதுக்கு வயசு எல்லை கெடையாதுக்கா. மெடிக்கல் பாஸானா போதும். பயணிகள ஏத்தி வேல பாக்கத்தான் கூடாது. லீவு போட்டு வந்து பத்து நாளு இதுல பழகுனேன்" என்றான். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தான். எழுபத்தெட்டாம் வருஷம் விமானப் பயிற்சிக்கு உதவித்தொகை கொடுத்த கடிதம். விண்ணப்பிக்கிறவருக்குப் பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும் என்ற வரியின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தான்.

"அப்ப எனக்குப் பதினாறரை. அடுத்த வருஷம் அந்தத் திட்டத்தையே நிறுத்திட்டாங்க. நீ குல்லா போட்டு விடாம இருந்திருந்தா, நான் அத்தா கடையில ஸ்வெட்டர் மடிச்சிட்டு இருந்திருப்பேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறைந்ததும் கோபமும் கூடவே வந்தது. "ஏலே, இத ஆறு மாசத்துக்கு முன்னாடி சொல்றதுக்கு என்ன? போன்ல சொன்னா வாய் நோகுமா?"

"ஆறு மாசம் கோவம் இருந்துச்சு. இருந்தத இல்லைன்னு சொல்லவா?" என்றான். "இப்பவும் கொஞ்சம் இருக்கு. அந்த ஒன்றரை வருஷம் போனது போனதுதான். இதுல அறிவிப்பு செய்ய மைக்கும் இல்ல, கேக்குறதுக்குப் பயணியும் இல்ல. ஏறு."

என்னைப் பின் இருக்கையில் ஏற்றி, அப்ரின் பெல்ட்டை மாட்டினாள். காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்செட் ஒன்றை என் தலையில் வைத்தாள். இடது இருக்கையில் ஜமால், வலது இருக்கையில் அப்ரின். முன்னால் இரண்டு தலைகள், இரண்டு ஹெட்செட்டுகள். விமானம் ஓடி, எழும்பியது. ஊரெல்லாம் கீழே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஓத வேண்டியதை ஓதினேன்.

கொஞ்ச நேரத்தில் காதுக்குள் அவன் குரல் கேட்டது. அறிவிப்புக் குரல், நல்ல தமிழில். "நானும் என் மகள் அப்ரினும் உங்களை வரவேற்கிறோம். இந்த விமானத்தில் ஒரே ஒரு பயணி. இடது பக்கம் தெரிவது பழனி மலை."

கண்ணைத் திறந்தேன். பழனிக் கோயில் கோபுரம் சின்னதாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் மலை மடிப்பு மடிப்பாக ஏறிப்போனது. நான் பிறந்து வளர்ந்து கிழவியான ஊர் அந்த உச்சியில் எங்கேயோ இருந்தது. இந்தச் சின்ன விமானத்தில் மலைக்கு மேலே போகமாட்டார்களாம், பக்கவாட்டில்தான். உச்சி முழுவதும் வெள்ளையாக மூடியிருந்தது.

"அக்கா, ஒன் வீட்டு மேல மேகம் கெடக்கு" என்றான்.

"துணி காயுதுடா" என்றேன். "காலைல போட்டுட்டு வந்தேன்."

அவன் அப்ரினிடம், "இப்ப நீ பிடி" என்றான். "பிடிச்சுட்டேன்" என்றாள் அவள். அப்படிச் சொல்லித்தான் கை மாற்ற வேண்டுமாம். கையை எடுத்த ஜமால் என் பக்கம் திரும்பவில்லை. வலது கையை மெல்லத் தூக்கினான். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, உச்சந்தலைக்கு மேலே கையை வளைத்துக் கொண்டுபோய், இடது பக்கம் ஹெட்செட்டைத் தொட்டான். தொட்டபடியே காத்திருந்தான்.

அப்ரினுக்கு ஒன்றும் புரியவில்லை. "அத்தா, என்ன பண்றீங்க?" என்றாள்.

"ம், எட்டுது" என்றேன் நான். "சேர்த்துக்கலாம்."